இரண்டு பொறிகள், ஒரு வழக்கு

சென்னைக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே நடந்தால் கடலை ஒட்டினாற்போல் நொச்சிக்குப்பம் வரும். மாலை வேளையில் அங்கே மீன் வாங்க வருவோரின் மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் சாலையோரம் வரிசையாக நிற்கும். மணலில் ஃபைபர் படகுகள் கிடக்கும். சில வாரங்களுக்கு முன்பு அப்படி ஒரு படகின் எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க நின்றேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பையன் பதினோராம் வகுப்பு மாணவன். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவன் என்று தெரிந்ததும் அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

“சார், எங்க சித்தப்பா எஞ்சினுக்கு அடியில ரப்பர் துண்டு வச்சாரு. ஆட்டம் கொறைஞ்சுது. மறுநாளே பக்கத்து போட்டுல அதையே வச்சுட்டாங்க. யாரும் ஒண்ணும் கேக்கல. ஆனா ஒரு பிளக்குக்காக ரெண்டு பைக் கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சுன்னு மெக்கானிக் அண்ணன் சொல்றாரு. ஒரு பிளக் கூட வச்சா தப்பா சார்?”

நல்ல கேள்வி! இதற்கு ஒரு வரியில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. நீதிமன்றங்களாலும் இயலவில்லை என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

அந்த வழக்கு நடந்த இடமும் தொலைவில் இல்லை. நொச்சிக்குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கே ஆறேழு கிலோமீட்டர் சென்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கட்டடம் தெரியும். அதன் உயர்ந்த கோபுரத்தின் உச்சியில்தான் ஒரு காலத்தில் நகரின் கலங்கரை விளக்கு எரிந்தது. 1977-இல் மெரினாவில் இப்போதுள்ள கலங்கரை விளக்கம் வேலை செய்யத் தொடங்கிய பிறகு அந்தக் கோபுர விளக்குக்கு ஓய்வு கிடைத்தது. விளக்கு நம் பக்கம் வந்துவிட்டது. வழக்குகள் அங்கேயே நின்றுவிட்டன!

அவற்றுள் ஒன்றுதான் 2007-இல் தொடங்கிய பஜாஜ் - டி.வி.எஸ். வழக்கு. ஒருபுறம் புணேயைச் சேர்ந்த பஜாஜ் ஆட்டோ. மறுபுறம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி. சச்சரவுக்குக் காரணமான பொருள் உங்கள் சுண்டுவிரலைவிடச் சற்றே பெரிய ஒரு ஸ்பார்க் பிளக்.

ஊதுபத்தியும் எஞ்சினும்

வழக்கைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஓர் எளிய சோதனை. வீட்டிலுள்ள ஊதுபத்தி இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து பூசாத மூங்கில் பகுதியை இரண்டிலும் ஒடித்து எறிந்துவிடுங்கள். ஒன்றை ஒரு முனையில் மட்டும் கொளுத்துங்கள். மற்றொன்றை நடுவில் துணி கிளிப்பால் பிடித்து, இரு முனைகளிலும் கொளுத்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டாவது பத்தி ஏறக்குறையப் பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். (கிளிப்பை நெருங்கும்போது அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அம்மாவிடம் நீங்கள்தாம் பதில் சொல்ல வேண்டும்.) நெருப்பின் வேகம் மாறவில்லை. அது கடக்க வேண்டிய தூரந்தான் பாதியாயிற்று.

மோட்டார் சைக்கிளின் நான்கு வீச்சு எஞ்சினில் நடப்பது என்ன? பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் உறிஞ்சப்படுகிறது. பிஸ்டன் மேலேறி அதை நெருக்குகிறது. ஸ்பார்க் பிளக் ஒரு பொறியை உண்டாக்குகிறது. கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. எரிந்த வாயு வெளியேறுகிறது. இதை உங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் பாடப்புத்தகம் பெரும்பாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பொறி விழுந்தவுடன் கலவை முழுவதும் ஒரே கணத்தில் ‘படார்’ என்று எரிந்துவிடுவதில்லை. பிளக்கின் முனையில் ஒரு சிறு தீக்கோளம் பிறந்து, அது வளர்ந்து, சிலிண்டரின் மறுபக்கச் சுவரைத் தொடும்வரை நடந்து செல்ல வேண்டியிருக்கிறது. ஊதுபத்தியின் கனல் நடப்பதைப் போலத்தான்.

எவ்வளவு வேகத்தில்? அசையாமல் இருக்கும் பெட்ரோல் - காற்றுக் கலவையில், சாதாரண அழுத்தத்தில், தீயின் முகப்பு விநாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான் நகரும். நாம் மெதுவாக நடப்பதைவிடவும் குறைவு! இதே வேகம் எஞ்சினுக்குள்ளும் இருந்தால் 5 சென்டிமீட்டர் கடக்க எட்டில் ஒரு பங்கு விநாடி ஆகும். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் எஞ்சின் அதற்குள் பன்னிரண்டு தடவைக்கு மேல் சுழன்றுவிடும். பிறகு எங்கே வண்டி ஓடுவது? நல்லவேளையாக, சிலிண்டருக்குள் பாயும் கலவை சுழித்துக் கொந்தளிக்கிறது. அந்தக் கொந்தளிப்பு தீயின் முகப்பைக் கசக்கி, மடித்து, பரப்பை அதிகப்படுத்துகிறது. ஆகவே தீ பல மடங்கு விரைந்து ஓடுகிறது.

கணக்குக்காக அந்த வேகத்தை விநாடிக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். பிளக் ஒரு பக்கச் சுவர் ஓரமாக இருக்கிறது. தீ மறுபக்கம் சேர 2 மில்லி விநாடி ஆகும். 6,000 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி. ஆகவே 2 மில்லி விநாடிக்குள் எஞ்சினின் சுழல்தண்டு 72 பாகை திரும்பிவிடும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பிளக் வைத்து இரண்டையும் ஒன்றாகப் பொறிக்கச் செய்தால்? தீ ஒவ்வொன்றும் 25 மில்லிமீட்டர் ஓடினால் போதும். 1 மில்லி விநாடி, 36 பாகை.

இதனால் என்ன இலாபம் என்று கேட்கலாம். தீ பரவ நேரமாகும் என்பதால், பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்பே பொறியை விட வேண்டியிருக்கிறது. அப்படி முன்கூட்டியே பற்றிய தீ, ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த ஆற்றல் வீண். எரிதல் விரைவாக முடிந்தால் அவ்வளவு முன்கூட்டியே பொறி தேவையில்லை. இன்னொன்று: ஒரு பங்கு பெட்ரோலை முழுவதும் எரிக்க எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றை இதற்கும் அதிகமாக்கிப் பெட்ரோலைக் குறைத்தால் சிக்கனந்தான். ஆனால் அத்தகைய மெலிந்த கலவையில் தீ மெதுவாகவே பரவும், சில சமயம் பற்றாமலும் போகும். இரண்டு இடத்தில் பற்றவைத்தால் இந்தக் குறை பெரிதும் நீங்கும். மூன்றாவதாக, தீ வந்து சேரும்வரை காத்திருக்கும் மூலைக் கலவை, வெப்பமும் அழுத்தமும் தாளாமல் தானாகவே வெடித்து ‘டொக் டொக்’ என்ற ஒலியை எழுப்புவது உண்டு. காத்திருக்கும் நேரம் குறைந்தால் அந்த ஆபத்தும் குறையும்.

ஆக, இரண்டாவது பிளக் அலங்காரத்துக்கு வைத்தது அன்று. அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. சண்டை வேறிடத்தில்.

அறிவுக்குப் பட்டா

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, பிறர் அதைச் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமையை அரசு வழங்குகிறது. இதுவே காப்புரிமை. ‘பேட்டண்ட்’ என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்குத் ‘திறந்திருப்பது’ என்று பொருள்! காப்பதற்கும் திறப்பதற்கும் என்ன சம்பந்தம்? இது ஒரு பேரம். “உன் இரகசியத்தை ஒளிக்காமல், துறை தெரிந்த எவரும் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு எழுதிக் கொடு. பதிலுக்கு இருபது ஆண்டு உனக்குத் தனியுரிமை. பிறகு அது ஊர்ச் சொத்து” என்கிறது அரசு. இந்தியாவில் இதற்கான சட்டம் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். நம் பகுதிக்கான காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது.

காப்புரிமை பெற வேண்டுமானால் பொருள் புதியதாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். இவற்றோடு, அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு ‘இதிலென்ன, யாருக்கும் தோன்றுமே’ என்று படாததாகவும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் வழக்கறிஞர்கள் பல நாள் வாதாடுவார்கள்.

நிலத்துக்குப் பட்டா வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நிலம் என்று நான்கெல்லையும் எழுதியிருக்கும். காப்புரிமைப் பத்திரத்தின் கடைசியில் ‘கோரிக்கைகள்’ என்ற பகுதி உண்டு. அதுதான் கண்டுபிடிப்பின் நான்கெல்லை. முன்னால் எத்தனை பக்கம் விளக்கம் எழுதினாலும், வேலி போடுவது இந்தச் சில வாக்கியங்களே. ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் எல்லை நகர்ந்துவிடும்.

பஜாஜ் நிறுவனம் தன் எஞ்சினுக்கு 2002 ஜூலை 16-இல் விண்ணப்பம் செய்தது. 2005-இல் 195904 என்ற எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. அதன் வேலி ஏறக்குறைய இப்படி: நான்கு வீச்சு எஞ்சின், சிலிண்டரின் உள்விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை, மெலிந்த கலவையை எரிக்க எதிரெதிராக இரண்டு ஸ்பார்க் பிளக்குகள், அவற்றுள் ஒன்று எண்ணெயில் நனையாமல் காக்க ஓர் உறை.

உறை எதற்கு? இத்தகைய சிறிய எஞ்சினின் தலைப்பகுதியில் ஒரு பக்கம் வால்வுகளை இயக்கும் சங்கிலி ஓடும். அங்கே மசகு எண்ணெய் தெறித்துக்கொண்டேயிருக்கும். முதல் பிளக்குக்கு எதிர்ப்பக்கம் என்றால் அதே இடந்தான். கைகூட நுழையாத அந்த இடுக்கில், எண்ணெய் படாமல், கழற்றி மாட்டவும் வசதியாகப் பிளக்கை நிறுத்த வேண்டும். காகிதத்தில் இரண்டாவது பிளக்கை வரைவது எளிது, வைப்பதுதான் வேலை.

2003 முதல் பல்சர் வண்டிகளில் ‘டி.டி.எஸ்.-ஐ’ என்ற பெயரில் இந்த எஞ்சின் வந்தது. வண்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த அந்த எழுத்துகளை உங்கள் அண்ணன்மார் இன்றும் நினைவு வைத்திருப்பார்கள். 2007 ஆகஸ்டில் டி.வி.எஸ். நிறுவனம் ‘ஃப்ளேம்’ என்ற 125 சி.சி. வண்டியை அறிவித்தது. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய எஞ்சின். அதிலும் இரண்டு பிளக்குகள்!

உயர் நீதிமன்றத்தில்

பஜாஜ் ‘எங்கள் வேலிக்குள் வந்துவிட்டீர்கள்’ என்றது. டி.வி.எஸ். ‘அந்த வேலியே செல்லாது, ஆதாரமின்றி எங்களை மிரட்டுகிறீர்கள்’ என்றது. இரு தரப்பும் 2007-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. காப்புரிமையையே ரத்து செய்யுமாறு டி.வி.எஸ். தனியாக மனு ஒன்றும் செய்திருந்தது.

டி.வி.எஸ். தரப்பின் வாதம் வலுவானதுதான். ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் என்பது பழைய சங்கதி. பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் அது நெடுநாளைய வழக்கம். ஒன்று பழுதானால் மற்றொன்று காப்பாற்றும் என்பதும் அங்கே ஒரு காரணம். கார்களிலும் இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ, ஜப்பானின் நிஸான் ஆகியவை இரட்டைப் பிளக் எஞ்சின்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே விற்றிருக்கின்றன. 1980-களில் ஹோண்டா பெற்ற அமெரிக்கக் காப்புரிமை ஒன்றை டி.வி.எஸ். நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டியது. பெரிய சிலிண்டரில் தெரிந்ததைச் சிறிய சிலிண்டரில் வைப்பது எப்படிக் கண்டுபிடிப்பாகும்? அளவை மாற்றினால் அறிவு மாறுமா? மேலும், தங்கள் எஞ்சினில் சிலிண்டருக்கு மூன்று வால்வுகள். பஜாஜின் எஞ்சினில் இரண்டே.

பஜாஜ் தரப்போ, சிறிய எஞ்சினில் இதைச் செய்து காட்டியவர் யார் என்று கேட்டது. அவ்வளவு எளிதில் தோன்றக்கூடியது என்றால் ஏன் இத்தனை ஆண்டு எவருக்கும் தோன்றவில்லை? வால்வு இரண்டோ மூன்றோ, கண்டுபிடிப்பின் சாரம் இரட்டைப் பிளக்கில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் வாதம்.

இங்கே சற்று நின்று, இயற்பியல் மாணவராக நீங்கள் யோசிக்க வேண்டும். நான் சொல்லப்போவது நீதிமன்றத்தில் நடந்த வாதம் அன்று, வகுப்பறை வாதம். அளவை மாற்றினால் உண்மையிலேயே ஒன்றும் மாறாதா? ஓர் உருளையின் எல்லா நீளங்களையும் பாதியாக்குங்கள். பரப்பு கால் பங்காகும். கன அளவு எட்டில் ஒரு பங்காகும். ஆகவே கன அளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு இரு மடங்கு ஆகிவிடுகிறது. சிறிய சிலிண்டரில் எரியும் வாயு தன் வெப்பத்தைச் சுவருக்கு இழப்பது விகித அளவில் கூடுதல். சுவரை ஒட்டிய குளிர்ந்த படலத்தில் தீ அணைந்து எரியாமல் நிற்கும் பெட்ரோலின் விகிதமும் கூடுதல். யானையைச் சுருக்கினால் எறும்பு ஆகாது என்று சொல்வார்கள் அல்லவா? சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் வெறும் சுருக்கப் பதிப்பு அன்று. ஆகவே ‘அளவுதானே’ என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மறுபக்கமும் பாருங்கள். சிலிண்டர் சிறியதானால் ஒரு பிளக்கின் தீயே விரைவில் மறுசுவரைத் தொட்டுவிடும். எனவே இரண்டாவது பிளக்கினால் மிச்சமாகும் நேரமும் குறைவு. இதைப் பஜாஜுக்குச் சாதகமாகவும் சொல்லலாம், பாதகமாகவும் சொல்லலாம். பயன் சிறிதென்று எண்ணி மற்றவர் கைவிட்டதை இவர் முயன்று பயன் கண்டார் என்பது ஒன்று. தெரிந்த பயனையே சற்றுக் குறைவாகப் பெற்றார் என்பது மற்றொன்று. என் வகுப்பில் இதை விவாதத்துக்கு விட்டால் மணி அடித்தும் மாணவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நீதிபதிகளும் ஒரே பக்கம் நிற்கவில்லை. 2008 பிப்ரவரி 16-இல் தனி நீதிபதி பஜாஜுக்குச் சாதகமாக இடைக்காலத் தடை வழங்கினார். டி.வி.எஸ். அவ்வாண்டு ஃப்ளேம் வண்டியை ஒரே பிளக் கொண்ட எஞ்சினோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. இரு பொறிகளுக்காகத் திட்டமிட்ட எஞ்சினை ஒரு பொறியோடு விற்க நேர்ந்த பொறியாளர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். 2009 மே 18-இல் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தடையை நீக்கியது. மூன்று வால்வு எஞ்சினும் இரண்டு வால்வு எஞ்சினும் ஒன்றல்ல என்பது அந்த அமர்வுக்கு முக்கியமாகப் பட்டது. பஜாஜ் டில்லிக்குச் சென்றது. 2009 செப்டம்பர் 16-இல் உச்ச நீதிமன்றம் டி.வி.எஸ். விற்கலாம், ஆனால் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் விற்ற கணக்கைத் துல்லியமாக வைத்திருக்க வேண்டும் என்றது.

‘இடைக்காலம்’ என்ற சொல்லைக் கவனித்தீர்களா? இதுவரை சொன்ன மூன்று உத்தரவுகளும் இறுதித் தீர்ப்புகள் அல்ல. வழக்கு முழுமையாக விசாரிக்கப்படும்வரை என்ன செய்வது என்பது பற்றியவை. அத்தகைய உத்தரவுக்கு முன், முதல் நோக்கில் வழக்கில் வலு இருக்கிறதா, தடை விதித்தால் யாருக்கு இன்னல் அதிகம், நேரும் நட்டம் பணத்தால் ஈடு செய்யக்கூடியதா என்று பார்ப்பார்கள். சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி, எஞ்சினைப் பிரித்து, கடைசி வரை அலசுவது பிறகுதான். உச்ச நீதிமன்றம் இதைக் கண்டு சலித்துக்கொண்டது. இத்தகைய வழக்குகள் இடைக்கால மனுக்களிலேயே ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. அவற்றை நாள்தோறும் விசாரித்து, சாதாரணமாக நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கூறியது. இந்த வழக்கை 2009 நவம்பர் இறுதிக்குள் முடிக்கவும் சொல்லியது.

முடிந்ததா? இல்லை. 2019-இல் இரு நிறுவனங்களும் தங்களுக்குள் பேசி, நிலுவையிலிருந்த வழக்குகளை முடித்துக்கொண்டன. தொடங்கியது 2007; முடிந்தது 2019. பன்னிரண்டு ஆண்டுகள். காப்புரிமையின் மொத்த ஆயுள் இருபதே ஆண்டு என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். ஐந்தில் மூன்று பங்கு வழக்கிலேயே கழிந்தது. சிறிய எஞ்சினில் இரண்டு பொறி என்பது கண்டுபிடிப்புத்தானா என்ற மூலக் கேள்விக்கு நீதிமன்றத்தின் இறுதி விடை வரவேயில்லை. இதற்கிடையில் ஃப்ளேம் சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. பஜாஜோ 2012-இல் பல்சர் 200 என்.எஸ். வண்டியில் மூன்று பிளக்குகள் வைத்துவிட்டது!

சட்டைப் பையிலும் வழக்குகள்

இத்தகைய சண்டை மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் உரியதன்று. உங்கள் வீட்டுச் செல்பேசிக்குள் எத்தனையோ காப்புரிமைகள் உட்கார்ந்திருக்கின்றன. 2011-இல் ஆப்பிள் நிறுவனம் சாம்சங் மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. அதிலிருந்த ஒரு கோரிக்கை உங்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். திரையில் பட்டியலை விரலால் தள்ளி, கடைசி வரி வந்த பிறகும் தள்ளினால், அது சற்று மேலே போய் ரப்பர் பட்டைபோல் திரும்பி வருமே, அந்தத் துள்ளல்! 2012 ஆகஸ்டில் ஜூரி சாம்சங்குக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் அபராதத் தொகை விதித்தது. பிறகு அது பல தடவை மாறி, 2018-இல் இரு தரப்பும் சமாதானமாயின. அங்கும் ஏழாண்டு.

2013-இல் ஸ்வீடனின் எரிக்சன் நம் நாட்டு மைக்ரோமாக்ஸ் மீது டில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது வேறு வகை. எல்லாச் செல்பேசிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் எல்லாம் ஒரே தொழில்நுட்ப விதிகளைப் பின்பற்றியாக வேண்டும். அந்த விதிகளுக்குள்ளேயே ஒருவருடைய காப்புரிமை இருந்தால்? அதைத் தவிர்த்துச் செல்பேசி செய்ய இயலாது. எனவே அங்கே ‘செய்யலாமா’ என்பதைவிட ‘நியாயமான கட்டணம் எவ்வளவு’ என்பதே பெரிய கேள்வியாகிறது.

சென்னைக்கும் ஒரு செல்பேசிக் கதை உண்டு. மதுரையைச் சேர்ந்த ஒருவர், ஒரே செல்பேசியில் பல சிம் கார்டுகளை இயக்குவதற்கு 2002-இல் விண்ணப்பித்து 2008-இல் காப்புரிமை பெற்றார். அதைக் காட்டி 2009-இல் சுங்கத்துறை வாயிலாக இரட்டைச் சிம் செல்பேசிகளின் இறக்குமதிக்குத் தடை போட முயன்றார். பெரிய நிறுவனங்கள் திகைத்துப்போயின. ஆனால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், முன்பே தெரிந்தவற்றிலிருந்து எட்டக்கூடியதே என்று கருதி 2012-இல் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. (அந்த வாரியமே 2021-இல் கலைக்கப்பட்டு, அதன் பணி உயர் நீதிமன்றங்களிடம் சென்றுவிட்டது.) காப்புரிமைப் பத்திரம் கையில் இருப்பதாலேயே வேலி உறுதி என்று எண்ணிவிடக் கூடாது. எந்த நாளிலும் எவரேனும் வந்து பழைய ஆவணம் ஒன்றைக் காட்டி அதை அசைக்கலாம்.

குப்பத்து ரப்பர்

இனி நொச்சிக்குப்பத்துப் பையனுக்கு வருவோம். அவன் சித்தப்பா வைத்த ரப்பர் துண்டுக்குக் காப்புரிமை கிடைத்திருக்குமா? எஞ்சினின் அதிர்வைத் தணிக்க ரப்பர் வைப்பது கார்களிலும் இயந்திரங்களிலும் வெகுநாளாக உள்ள வழக்கம். ஆகவே கிடைப்பது கடினம். உறுப்பின் வடிவத்திலோ பொருத்தும் முறையிலோ உண்மையிலேயே புதுமை இருந்திருந்தாலும் இன்னொரு தடை உண்டு. மணலில் நாலு பேர் பார்க்க, விண்ணப்பம் செய்வதற்கு முன்பே அதைப் பயன்படுத்திவிட்டார்கள். ஊரறிந்தது புதியது ஆகாது.

இது உங்களில் சிலரை நேரடியாகத் தொடும் செய்தி. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு மாதிரி செய்கிறீர்கள்; பத்திரிகையில் படம் வருகிறது; இரண்டு ஆண்டு கழித்து அதற்குக் காப்புரிமை கேட்க நினைக்கிறீர்கள். அப்போது உங்கள் படமே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்! அரசு அறிவித்த கண்காட்சிகள், கற்றோர் சங்கங்களில் படிக்கும் கட்டுரைகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் பன்னிரண்டு மாதச் சலுகை உண்டு. உண்மையாகவே புதுமை கண்டால், காட்டுவதற்கு முன் விண்ணப்பித்துவிடுங்கள்.

குப்பத்தில் ஒருவர் செய்ததை மற்றவர் மறுநாளே செய்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கடலில் ஒரு படகு நின்றுபோனால் இழுத்துவரப் போவது பக்கத்துப் படகுதானே? ஆனால் சிறிய எஞ்சினுக்குள் அந்த இரண்டாவது பிளக்கை நிறுத்துவதற்குள் எத்தனை வார்ப்புகள் உடைந்திருக்கும், எத்தனை எஞ்சின்கள் சோதனை மேடையில் மாதக்கணக்கில் ஓடியிருக்கும்! அந்தச் செலவைச் செய்தவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர் என்றால் அடுத்த தடவை யார் செலவிடுவார்? இதையும் அவனிடம் சொன்னேன். சற்று நேரம் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப இப்பவும் ரெண்டு பிளக் வைக்கக் கூடாதா சார்?” என்றான்.

விண்ணப்ப நாளிலிருந்து இருபது ஆண்டு என்பது கணக்கு. 195904-ஆம் எண்ணின் ஆயுள் 2022 ஜூலையோடு முடிந்துவிட்டது. இப்போது எவரும் எவரையும் கேட்காமல் சிறிய எஞ்சினில் இரண்டு பிளக் வைக்கலாம். எப்படி வைப்பது என்பதற்கான விளக்கமும் படமும் காப்புரிமை அலுவலகத்தின் ஆவணங்களில் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்துத் தேடி, கட்டணமின்றிப் படிக்கலாம். அவன் எண்ணைக் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டான்.

பிறகு, பிரித்துக் கிடந்த படகு எஞ்சினைச் சுட்டிக்காட்டி, இதில் பிளக் எங்கே இருக்கிறது, காட்டு என்றேன். இப்படியும் அப்படியும் தேடினான். அது டீசல் எஞ்சின். அதில் காற்றை மட்டும் கடுமையாக நெருக்குவார்கள். நெருக்கத்தால் காற்று கொதிக்கும் சூடாகிவிடும். அதில் டீசலைப் பீச்சியதும் தானே பற்றிக்கொள்ளும். பொறியே வேண்டாம். அவன் சித்தப்பா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“அப்ப எங்க மேல கேஸு கிடையாது, இல்ல வாத்தியாரே?”